கண்டியைத் தேடுவோர்

1660-ஆம் ஆண்டில், திருக்கோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் கரையில் ஓர் ஆங்கிலக் கப்பல் வந்து தங்கியது. அக்கப்பலைச் சேர்ந்தோர் சிலரைக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். அவர்களுள் ஒருவர் ரொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டிலே காவலில் இருந்த அவர், 1679-இல் தப்பிச் சென்று அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681-இல் இலண்டன் நகரில் அவருடைய நூல் வெளிவந்தது. அந்நூலில் தலைநகரைப் பற்றிக் கூறப்புகும் இடத்தில் நொக்ஸ் முதலில் எடுத்துக்கொள்வது அதன் பெயர்களையே ஆகும். அயலார் அதனைக் கண்டி என்பர். அச்சொல் மலையைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம். அந்நாட்டு மக்களோ அதனை வேறு பெயரால் வழங்குவர். தலைமை நகர் எனப் பொருள்படும் பெயரொன்றும் அதற்கு உண்டு என்பது அவர் தரும் விளக்கம்.

நொக்ஸ் கண்ட அந்தப் பெயர் வேற்றுமை இன்றும் மறையவில்லை. சிங்கள மக்கள் அந்நகரை மகாநுவர என்றும், சுருக்கமாக நுவர என்றும் வழங்குகின்றனர். செங்கடகல என்பது அதன் பழம்பெயர். மலைமேல் நாடு எனப் பொருள்படும் ‘கந்த உட ரட்ட’ என்னும் தொடரைப் போர்த்துக்கேயர் தம் நாவுக்கேற்பச் சுருக்கிக்கொண்டதிலிருந்து ஆங்கிலப் பெயர் பிறந்தது. தமிழர்க்கு அது கண்டி. தமிழகத்துக் கிராமங்களிலோ, கண்டி என்றால் ஒரு நகர் மட்டுமன்று. தேயிலை விளையும் மலைநாடு முழுவதுமே கண்டிச் சீமைதான். அட்டனிலும் பதுளையிலும் உழைத்துத் திரும்பியவர்கூடத் தம் ஊரில் கண்டிக்குப் போய்வந்தவர் என்றே பெயர் பெற்றார்.

ஒரே பொருளுக்குப் பல பெயர்கள். ஒரே பெயருக்குப் பல பொருள்கள். ஒன்றைத் தேடுபவர் ஒரு சொல்லைக் கூற, அதனை வைத்திருப்பவர் வேறொரு சொல்லால் அதனைக் குறித்திருந்தால் இருவரும் சந்திப்பது எவ்வாறு? இக்கேள்வி ஏடுகளின் காலத்திலும் இருந்தது. நூலகங்களின் காலத்திலும் இருந்தது. இணையத்தின் காலத்தில் இதற்கு விடை காணும் கலைக்குத் தேடுபொறி உகப்பாக்கம் என்று பெயரிட்டிருக்கின்றனர். பெயர் கடினமாக ஒலித்தபோதிலும் பொருள் எளியதே. வலைத்தளம் ஒன்றில் உள்ள செய்தி, அதனைத் தேடுவோர் கண்ணில் படுமாறு அமைத்து வைப்பதே அக்கலை. அதன் வேர்களைக் கண்டி நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நெடுங்காலத்துக்கு முன்பே காணலாம்.

கண்டியரசின் காலத்தில் நிலத்துக்கும் அரசசேவைக்கும் இடையே நெருங்கிய தொடர்பு இருந்தது. இன்ன நிலத்தை ஆள்பவர் அரண்மனைக்கு இன்ன பணி செய்யவேண்டும் என்பது முறை. அதனைக் குறித்துவைத்த ஓலைப் பதிவுகளுக்கு லேகம் மிட்டி என்று பெயர். ஊர், நிலம், அதனை ஆள்பவர், அவர் ஆற்றவேண்டிய பணி என்பன அவற்றில் இடம்பெற்றன. சிங்கள ஏட்டுச் சுவடிகளில் ஓலைகளின் வரிசையை எண்ணால் குறிக்காமல், உயிர்மெய்யெழுத்துகளின் வரிசையால் குறிக்கும் வழக்கமும் இருந்தது. கயிறு அவிழ்ந்து ஓலைகள் கலைந்துபோனாலும் அவற்றை மீண்டும் ஒழுங்குபடுத்த அவ்வெழுத்துகள் உதவின. எழுதி வைத்தால் மட்டும் போதாது, வேண்டும்போது எடுத்துப் பார்க்குமாறு வைக்கவேண்டும் என்பதை அக்காலத்து எழுத்தர் நன்கு அறிந்திருந்தனர்.

1815-இல் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 1821-இல், நகருக்கு மேற்கே மகாவலி கங்கை வளைந்து செல்லும் பேராதனையில் அரச தாவரவியற் பூங்கா நிறுவப்பெற்றது. அதனை அமைத்த அலெக்சாண்டர் மூன், 1824-இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவரங்கள் அதில் இடம்பெற்றன. அறிவியற் பெயரோடு மட்டும் அவர் நின்றுவிடவில்லை. அந்நாட்டில் வழங்கும் பெயரையும் உடன் சேர்த்தார். அவருக்குப் பின்னர் பேராதனையில் பணிபுரிந்த ஹென்றி டிரைமன், 1893 முதல் வெளிவந்த தம் பெருநூலில் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் கொடுத்தார்.

இவ்வாறு பல பெயர்களைச் சேர்த்து வைத்ததன் பயன் பெரிது. தமிழர் கொன்றை என்பதைச் சிங்களவர் எஹெல என்பர். தாவரவியலார் காசியா பிஸ்துலா என்பர். மூன்று பெயர்களும் ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தால், மூவகை மக்களும் ஒரே மரத்தடியில் வந்து சேர்வர். அறிவியற் பெயர் மட்டும் இருந்தால் கல்லாத மருத்துவர் வெளியே நிற்பார். நாட்டுப் பெயர் மட்டும் இருந்தால் அயல்நாட்டு அறிஞர் வெளியே நிற்பார். மரம் ஒன்றே, அதற்குச் செல்லும் வாயில்கள் மூன்று.

பூங்காவுக்கு அருகிலேயே பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1942-இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 முதல் பேராதனைக்கு இடம் பெயர்ந்தது. அதன் நூலகத்தில் பணியாற்றிய இயன் குணதிலக்க, இலங்கையைப் பற்றிப் பிறநாட்டு மொழிகளில் வெளிவந்த நூல்களையும் கட்டுரைகளையும் திரட்டி ஒரு நூற்றொகையை உருவாக்கினார். அதன் முதலிரு தொகுதிகள் 1970-இலும், மூன்றாம் தொகுதி 1976-இலும், நான்காம் ஐந்தாம் தொகுதிகள் 1983-இலும் வெளிவந்தன. பல நாடுகளின் இதழ்களில் சிதறிக்கிடந்த கட்டுரைகள் பொருள் வாரியாக ஒழுங்கு பெற்றன. எங்கோ ஒரு பழைய இதழின் நடுவே கிடந்த ஒரு சிறு குறிப்புக்கும் இதனால் உயிர் வந்தது. ஆராய்ச்சியாளர் அதனைக் கண்டுபிடிக்க வழி ஏற்பட்டது.

இணையம் தோன்றியபோது அதற்கு இத்தகைய நூலகர் எவரும் இலர். 1989-இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த டிம் பேர்ணர்ஸ் லீ, உலகளாவிய வலையின் திட்டத்தை முன்வைத்தார். ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பே அதன் உயிர்நாடி. 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய யாகூ, மனிதரே தளங்களைப் படித்துப் பொருள்வாரியாகப் பட்டியலிடும் முறையைக் கையாண்டது. ஆயினும் பக்கங்கள் கோடிக்கணக்கில் பெருகியபோது மனிதக் கைகள் அயர்ந்தன. அப்பணியைப் பொறிகள் ஏற்றுக்கொண்டன.

தேடுபொறி செய்யும் வேலை மூன்று பகுதிகளை உடையது. முதலாவது, ஊர்ந்து திரிதல். ஒரு பக்கத்தைப் படிக்கும் பொறி, அதிலுள்ள இணைப்புகளைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குச் செல்லும். அங்கிருந்து அதற்கடுத்த பக்கத்துக்குச் செல்லும். எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்புப் பெறாத ஒரு பக்கம், பாதையில்லாத மலைமுகட்டில் கட்டிய வீட்டைப் போன்றது. இரண்டாவது, சொல்லடைவு அமைத்தல். நல்ல நூலொன்றின் இறுதியில், இன்ன சொல் இன்ன பக்கத்தில் வருகிறது என்னும் அட்டவணை இருக்கும் அல்லவா? உலகத்து வலைப்பக்கங்கள் அனைத்தையும் ஒரே நூலாகக் கருதி அத்தகைய அட்டவணையைப் பொறி ஆயத்தம் செய்கிறது. மூன்றாவது, வரிசைப்படுத்தல். ஒரு சொல்லைத் தேடினால் இலட்சம் பக்கங்கள் அகப்படும்போது, எதனை முதலில் காட்டுவது என்பதே அதன் சிக்கல்.

இந்த மூன்றாவது சிக்கலுக்கான வழியும் நூலகத் துறையிலிருந்தே வந்தது. அறிவியற் கட்டுரை ஒன்றைப் பின்வந்தோர் எத்தனைபேர் மேற்கோளாக எடுத்தாண்டனர் என்று கணக்கிட்டால் அதன் தகுதி ஓரளவு விளங்கும் என்னும் கருத்தை வலியுறுத்தி, 1955-இல் யூஜின் கார்ஃபீல்ட் ஒரு கட்டுரை எழுதினார். இஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்கி பிரின் ஆகிய இருவரும் இவ்வழியிலேயே சிந்தித்தனர். ஒரு பக்கத்துக்குப் பிறர் கொடுக்கும் இணைப்பை அவர்கள் ஒரு சான்றுரையாகக் கொண்டனர். சான்று கூறுபவரின் தகுதிக்கேற்ப அச்சான்றின் எடையும் கூடும். இவ்வடிப்படையில் 1998-இல் கூகுள் நிறுவனம் தொடங்கியது. ஊரார் நூறுபேர் புகழ்வதைவிடக் கற்றறிந்த ஒருவரின் நற்சொல் மேலாக மதிக்கப்படுவது சபைகளில் பழைய வழக்கம். அவ்வழக்கம் இங்கே கணக்காக மாறியது.

இனி, வலைத்தளம் ஒன்றை அமைப்பவர் செய்யவேண்டுவன யாவை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். கண்டிக்கு வடக்கே மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் உள்ளது. மாசிமகத் திருவிழாவில் அங்கே ஐந்து தேர்கள் வீதியுலா வருவது புகழ்பெற்ற காட்சி. இத்தகைய விழாவைப் பற்றி ஒருவர் வலைப்பக்கம் எழுதுவதாகக் கொள்வோமாயின், பஞ்சரத பவனி என்றும் மகோற்சவம் என்றும் அழகிய வடசொற்களால் அவர் எழுதக்கூடும். ஆனால் புறக்கோட்டையில் பேருந்துக்குக் காத்துநிற்கும் ஒருவர் தம் கைத்தொலைபேசியில் தட்டும் சொல், ‘மாத்தளைத் தேர் எப்போது’ என்பதே. அச்சொற்கள் அப்பக்கத்தில் எங்கும் இல்லையெனில் அப்பக்கம் அவருக்குத் தென்படுவது அரிதாகும். ஆகவே முதல் விதி, தேடுபவரின் சொல்லை அறிதல்.

இரண்டாம் விதி, தலைப்பைத் தெளிவாக இடுதல். ‘வரவேற்கிறோம்’ என்று தலைப்பிட்ட பக்கம் எதனைப் பற்றியது என்று பொறிக்கும் தெரியாது, மனிதர்க்கும் தெரியாது. ‘மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேர்த் திருவிழா’ என்னும் தலைப்பு இருவர்க்கும் பொருள் விளக்கும். மூன்றாம் விதி, ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள் என்று வகுத்தல். விழாவின் நாள், செல்லும் வழி, கோயிலின் வரலாறு ஆகியவற்றைத் தனித்தனியே உட்டலைப்பிட்டுச் சொல்லவேண்டும். நான்காம் விதி, படங்களுக்குச் சொல்லால் விளக்கம் எழுதுதல். விழா அறிவித்தலைப் படமாக மட்டும் ஏற்றி வைத்தால், அதிலுள்ள நாளையும் நேரத்தையும் பொறி சரிவரப் படிக்கும் என்பதற்கு உறுதியில்லை. பார்வையற்ற நேயர்க்கும் அது பயன்படாது. ஐந்தாம் விதி, பக்கத்தின் முகவரியை அடிக்கடி மாற்றாமல் இருத்தல். மாற்றியே ஆகவேண்டுமெனில், பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்கு வழிப்படுத்தல் வேண்டும். ஆறாம் விதி, பக்கம் விரைந்து திறக்குமாறும் கைத்தொலைபேசியில் எளிதிற் படிக்குமாறும் அமைத்தல். கைத்தொலைபேசியில் படிக்கத்தக்க பக்கங்களுக்குக் கூகுள் 2015-இலேயே முன்னிடம் அளிக்கத் தொடங்கிவிட்டது.

குறுக்கு வழிகளைத் தேடியவர்களும் உளர். வெண்மையான பின்னணியில் வெண்மையான எழுத்தால் ஒரே சொல்லை நூறுமுறை எழுதி வைத்தனர்; மனிதக் கண்ணுக்கு அது தெரியாது, பொறி மட்டும் படிக்கும் என்பது அவர்கள் எண்ணம். வேறு சிலர் இணைப்புகளைப் பணம் கொடுத்து வாங்கினர். ஏமாற்று வெளிப்பட்டபோது பொறிகளும் தம் முறையை மாற்றிக்கொண்டன. 2011-இல் பாண்டா என்று பெயர்பெற்ற மாற்றம், சாரமற்ற பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012-இல் பெங்குவின் என்று பெயர்பெற்ற மாற்றம், பொய்யான இணைப்புகளால் உயர்ந்தோரை இறக்கியது. கடைவாயிலில் பெரிய பலகை தொங்கவிட்டு உள்ளே சரக்கில்லாமல் இருந்தால் வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். வணிகத்தின் அந்தப் பழைய நீதியைப் பொறிகளும் பின்பற்ற முற்பட்டன.

தமிழுக்கு மட்டும் ஒரு தனி இடையூறு இருந்தது. கணினியில் தமிழ் வழங்கத் தொடங்கிய காலத்தில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த எழுத்துருக்களே பெரும்பாலும் பயன்பட்டன. ஈழத்தமிழரிடையே பரவலாக வழங்கிய பாமினி அவற்றுள் ஒன்று. அவ்வெழுத்துருவில் ‘கண்டி’ என்று எழுதினால், திரையில் தமிழ் தோன்றும். கணினியின் உள்ளே பதிவாவதோ எஃப், இசட், ஓர் அரைப்புள்ளி, பி என்னும் நான்கு ஆங்கிலக் குறிகளே. தேடுபொறிக்கு அது கண்டியும் அன்று, தமிழும் அன்று. இவ்வாறு எழுதப்பெற்ற கட்டுரைகளும் கதைகளும் இணையத்தில் இருந்தும், தமிழில் தேடியோர்க்குத் தென்படாமற் போயின. உலகத்து மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண்ணிடம் வகுத்த ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் அது மக்கள் கைக்கு வந்து நிலைபெறப் பல ஆண்டுகள் சென்றன. 2010-இல் ‘இலங்கை’ எனத் தமிழெழுத்தில் முடியும் இணைய முகவரிக்கும் வழி பிறந்தது.

2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் இவ்வகையில் நல்லதொரு முன்மாதிரி. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் அது படமெடுத்துச் சேமிக்கிறது. படத்தோடு நில்லாமல், நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பல இடங்களில் உள்ளடக்க அட்டவணை ஆகியவற்றையும் எழுத்தில் தட்டச்சிட்டு வைக்கிறது. ஒரு பழைய இதழில் எழுதியவரின் பெயரை அவருடைய பேரன் தேடும்போது அப்பக்கம் அகப்படுவது அந்த அட்டவணையின் பயனாகும். குணதிலக்க காகிதத்திற் செய்த பணியின் தொடர்ச்சியாகவே இதனைக் கருதலாம்.

இவை யாவும் வணிகர்க்கும் விடுதிக்காரர்க்கும் மட்டும் உரிய செய்திகள் அல்ல. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் காப்பித் தோட்டங்கள் 1820-களில் தோன்றின. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரே அம்மலைகளைத் திருத்தினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அவ்வாறு வந்தவரிடம் தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரத் துண்டொன்றைக் கொடுத்து அனுப்பும் முறை இருந்தது. அந்த எண்ணைக் கொண்டு அவர் இன்ன தோட்டத்துக்கு உரியவர் என்று வழியிலுள்ள அதிகாரிகள் அறிந்தனர். தொழிலாளரைத் தோட்டம் கண்டுகொள்ள வழி இருந்தது. தொழிலாளரின் சந்ததியார் தம் முன்னோரைக் கண்டுகொள்ளும் வழியை அக்காலத்தில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இருநாடுகளும் சமமாக ஏற்பதென 1974-இல் உடன்பாடு ஏற்பட்டது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமைக் கடந்து, பல்லாயிரம் குடும்பங்கள் தமிழகத்தில் சிதறின. அவர்களுக்காக நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களையும் அமைத்தது. அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறுகரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல.

கூடலூரிலோ கோத்தகிரியிலோ வாழும் ஒரு பெண் தன் பாட்டி பிறந்த தோட்டத்தைத் தேட முற்படுகிறாள் என்று வைத்துக்கொண்டால், அவள் அறிந்தது என்ன? பாட்டியின் வாயிற் கேட்ட பெயர் மட்டுமே. மலையகத் தோட்டங்களுக்கு ஆவணங்களில் ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்க, தொழிலாளர் நாவில் வேறொரு பெயர் வழங்குவது பெருவழக்கு. ஊர்ப் பெயர்களிலும் இவ்வேற்றுமை உண்டு. அட்டன் என்பாரும் உளர், ஹட்டன் என்பாரும் உளர். தமிழர் கம்பளை என்பதைச் சிங்களவர் கம்பொல என்பர். தமிழர் பேராதனை என்பது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெராதெனிய ஆகும். பதிவேடும் வரைபடமும் ஒரு பெயரைக் கூற, பாட்டியின் நினைவு மற்றொரு பெயரைக் கூறினால், இரண்டும் சந்திக்கும் இடம் எங்கேனும் ஒன்று இருந்தாகவேண்டும்.

அத்தகைய இடத்தை உருவாக்குவது பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. ஒரு தோட்டத்தைப் பற்றி எழுதுவோர், அதன் ஆங்கிலப் பெயர், சிங்களப் பெயர், தொழிலாளர் வழங்கிய பெயர், மேற்பிரிவு கீழ்ப்பிரிவு என்னும் பகுதிகளின் பெயர்கள், அருகிலுள்ள நகரம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் ஒருங்குறித் தமிழில் எழுதிவைக்கலாம். கோயிலின் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் சேர்க்கலாம். அயல் தோட்டத்தைப் பற்றி எழுதியவர் இதற்கு ஓர் இணைப்புக் கொடுக்கலாம். இவரும் அதற்கு ஓர் இணைப்புக் கொடுக்கலாம். தேடுபொறி உகப்பாக்கத்தின் விதிகள் அனைத்தும் இவ்விரண்டு செயல்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. பெயர்களை உண்மையாகவும் நிறைவாகவும் இடுதல் ஒன்று; பிறர் எழுத்தோடு தன் எழுத்தைப் பிணைத்தல் மற்றொன்று.

இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று. ஆங்கிலப் பெயர்கள் பழைய நூல்களில் அச்சேறி நிலைபெற்றுவிட்டன. தொழிலாளர் வழங்கிய பெயர்கள் பலவற்றுக்கு முதியோர் நாவே உறைவிடம். கப்பலேறிச் சென்ற தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. எவ்வளவு வல்லமை வாய்ந்த பொறியாயினும், எவரும் எழுதிவைக்காத பெயரைத் தேடித்தர இயலாது.

கண்டியைப் பற்றி எழுதப் புகுந்த நொக்ஸ், அயலார் இட்ட பெயரோடு அந்நாட்டு மக்கள் வழங்கிய பெயர்களையும் கேட்டறிந்து எழுதினார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அப்பெயர்கள் படிப்போர் கைக்கு எட்டுகின்றன. மூனும் டிரைமனும் மரங்களுக்கு அதனையே செய்தனர். கண்டிச் சீமையைக் கையால் திருத்திய மக்களின் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்கள் அதனைச் செய்வாராயின், நீலகிரியில் தேடும் அப்பெண்ணுக்குப் பாட்டி சொன்ன பெயரே போதுமான முகவரியாக அமையும்.